பயிற்சிக்கு வராதவர்

கீரிப்பாறையில் சித்தப்பா வீட்டுத் திண்ணையின் தெற்கு மூலையில் நின்றால்தான் போனுக்கு இரண்டு புள்ளி சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றுதான் தம்பி எனக்கு அந்த பிடிஎஃபை அனுப்பினான். தம்பி என்றால் சித்தப்பா மகன். ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். பத்திரிகையின் பெயர் இங்கே வேண்டாம்.

"அண்ணே, எங்க எடிட்டர் ரெண்டு நாளு ட்ரெயினிங் போயிட்டு வந்திருக்காரு. புலனாய்வு டீமை வழிநடத்துறது எப்படின்னு. எங்க எல்லாருக்கும் இத அனுப்பிப் படிக்கச் சொல்லியிருக்காரு. நீங்க ஆபீஸ்ல இந்த மாதிரி ட்ரெயினிங் நெறைய பாத்த ஆளுல்லா. படிச்சுட்டுச் சொல்லுங்க."

பார்த்த ஆள்தான். பத்து வருடத்துக்கு மேலாக மென்பொருள் வேலையில் இருப்பவன் தலைமைப் பயிற்சியிலிருந்து தப்பிக்க முடியாது. ஒரு ஓட்டல் ஹால், வட்ட மேசைகள், கலர் கலராக ஒட்டும் சீட்டுகள், மதியம் பனீர் பட்டர் மசாலா, சாயங்காலம் குரூப் போட்டோ. இரண்டு நாள் கழித்து ஆபீஸ் திரும்பினால் மேனேஜர் ஒரு வாரத்துக்கு நம்மிடம் "நீ எப்படி உணர்கிறாய்" என்று கேட்பார். பிறகு கேட்க மாட்டார். அந்த நக்கலோடுதான் கையேட்டைத் திறந்தேன். படித்து முடித்தபோது நக்கல் பாதி குறைந்திருந்தது. மீதிப் பாதி கோபமாக மாறியிருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கையேடு மோசமில்லை. ஒரு புலனாய்வைத் தொடங்கும்போதே கருதுகோளை எழுதிவைக்கச் சொல்கிறது. குறைந்தபட்சம் எதை நிரூபிக்க முடியும், எல்லாம் கைகூடினால் எதுவரை போகலாம் என்று இரண்டு கோடு போடச் சொல்கிறது. 2009-ல் யுனெஸ்கோ வெளியிட்ட மார்க் லீ ஹண்டரின் புலனாய்வுக் கையேட்டிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய முறைதான் இது. சம்பவங்களைத் தேதி வாரியாக அடுக்கு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அதற்கான ஆவணத்தைக் குறி, எழுதாத இன்னொருவரை வரி வரியாகச் சரிபார்க்க வை. எங்கள் தொழிலில் இதை ரிவ்யூ என்போம். எழுதியவனே தன் நிரலை ஒப்புக்கொண்டு உள்ளே சேர்த்துவிட முடியாது, இன்னொருவர் பார்த்தே ஆகவேண்டும். அலுப்பான வேலை. ஆனால் அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

நிருபரின் மனநிலையைப் பற்றியும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. மாதக்கணக்கில் கொடுமைகளைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்குத் தூக்கம் கெடும், அவனைக் கவனி என்கிறது. இதெல்லாம் நம் ஊர்ச் செய்தியறைகளில் யாரும் பேசாத விஷயம்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வீட்டுப்பாடம்: 'ஸ்பாட்லைட்' படத்தைப் பாருங்கள், அதில் ஆசிரியரின் தலைமைப் பண்புகளைப் பட்டியலிடுங்கள்.

டாம் மெக்கார்த்தி இயக்கி 2015-ல் வந்த படம். அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. பாஸ்டன் குளோப் நாளிதழில் 1970-ல் இருந்து இயங்கும் புலனாய்வுக் குழுவின் பெயர்தான் ஸ்பாட்லைட். 2001-ல் மயாமியிலிருந்து மார்ட்டி பாரன் என்ற புதிய ஆசிரியர் வருகிறார். சிறுவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்த ஒரு பாதிரியார் பற்றி நம் பத்திரிகையின் பத்தியில் வந்திருக்கிறதே, இதை ஏன் யாரும் தொடரவில்லை என்று முதல் கூட்டத்திலேயே கேட்கிறார். 2002 ஜனவரி 6 அன்று முதல் கட்டுரை வெளியாகிறது. 2003-ல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு.

படத்தைத் திரும்பவும் பார்த்தேன். தலைமைப் பாடமாகப் பார்க்கச் சொன்னதால் இந்த முறை ஆசிரியர் அறைகளையே கவனித்துக்கொண்டிருந்தேன். லீவ் ஷ்ரைபர் நடிக்கும் பாரன் குரலை உயர்த்துவதே இல்லை. யாரையும் தட்டிக்கொடுப்பதும் இல்லை. நம் சினிமா வழக்கத்தில் தலைவனுக்கென்று நாம் எதிர்பார்க்கும் எதுவும் அவரிடம் கிடையாது. அவர் செய்வது கேள்வியை மாற்றுவது மட்டும். எத்தனை பாதிரியார்கள் என்று குழு எண்ணிக்கொண்டிருக்கும்போது, தனி மனிதர்களை விடுங்கள், மேலிருந்து கீழ்வரை அமைப்பே இதை மூடிமறைத்தது என்பதைக் காட்டுங்கள் என்கிறார். கையில் பெரிய ஆவணம் சிக்கியதும் இப்போதே போடவேண்டும் என்று நிருபர் ரெசெண்டஸ் கொதிக்கிறார். குழுத் தலைவர் ராபின்சன் மறுக்கிறார். இப்போது போட்டால் கர்தினால் ஒரு மன்னிப்புக் கேட்பார், விஷயம் அதோடு முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

எங்கள் சித்தப்பா அரசு ரப்பர் கழகத்தில் பால் வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது, ஒரு நூல் கூடுதலாக இறங்கினால் மரம் புண்ணாகும், பிறகு அந்த இடத்தில் பட்டை ஒழுங்காகத் திரும்ப வளராது என்பார். ராபின்சனும் ரெசெண்டஸும் சண்டை போடும் காட்சியில் எனக்கு அந்த ஞாபகம் வந்தது. எவ்வளவு ஆழம், எந்த நேரம் என்பதில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இன்னொரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்ற ரெசெண்டஸின் கோபத்தைப் படம் சிறுமைப்படுத்தவில்லை. கையேடு இதை 'மோதல் மேலாண்மை' என்ற தலைப்பில் வைக்கிறது. அந்தத் தலைப்புக்குள் இந்தக் காட்சி அடங்காது.

படத்தின் உச்சம் என்று நான் நினைப்பது அதற்கும் பிறகு வருவது. பல வருடங்களுக்கு முன்பே ஒரு வழக்கறிஞர் இருபது பாதிரியார்களின் விவரத்தைக் குளோபுக்கு அனுப்பியிருக்கிறார். அது உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தியாக வந்து அமுங்கிப்போயிருக்கிறது. அப்போது அந்தப் பகுதிக்கு ஆசிரியராக இருந்தது யார்? குழு முன்னால் ராபின்சன் சொல்கிறார்: நான்தான். தனக்குக் கீழே இருப்பவர்கள் முன்னால், தன்னைக் கேள்வி கேட்கவே யாருக்கும் தோன்றாத இடத்தில், அவரே சொல்கிறார். தலைமைப் பண்பு என்று எதையாவது பட்டியலிட வேண்டுமென்றால் நான் இதை மட்டும் எழுதுவேன்.

ஆனால் இந்தப் படத்தைப் பாடமாக வைப்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பத்திரிகையின் பதிப்பாளரை பாரன் சந்திக்கும் காட்சி மிகச் சிறியது. சீல் வைக்கப்பட்ட நீதிமன்ற ஆவணங்களைத் திறக்கச் சொல்லி மனுப் போடவேண்டும் என்கிறார் பாரன். சர்ச் மேல் வழக்கா, நம் சந்தாதாரர்களில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர்களாயிற்றே என்கிறார் பதிப்பாளர். அவர்களுக்கும் இதில் அக்கறை இருக்கும் என்பது பாரனின் பதில். அவ்வளவுதான், மனு போகிறது. மீதி இரண்டு மணி நேரப் படமும் அந்தச் சம்மதத்தின் மேல்தான் நிற்கிறது. அந்த மனிதர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பாரனின் நிதானம், ராபின்சனின் பொறுமை, ரெசெண்டஸின் ஓட்டம் எதற்கும் வேலையில்லை.

என் கோபத்தின் காரணம் இதுதான். கையேட்டில் தலைமை என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எல்லா இடத்திலும் அது கீழ்நோக்கிய சொல். நிருபரிடம் எப்படிப் பேசுவது, வேலையை எப்படிப் பிரிப்பது, எப்படி ஊக்கப்படுத்துவது. மேலே திரும்பி முதலாளியிடம் எப்படிப் பேசுவது, விளம்பரப் பிரிவு மேலாளர் கதவைத் தட்டினால் என்ன சொல்வது, வக்கீல் நோட்டீஸ் வந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்று ஒரு பத்தி கிடையாது. புலனாய்வை வழிநடத்தும் ஆசிரியரின் வேலையில் பாதி, நிருபருக்கும் மேலிடத்துக்கும் நடுவில் சுவராக நிற்பது. அந்தப் பாதியைச் சொல்லித்தராமல் விட்டுவிட்டு, அடுப்பே இல்லாத வீட்டில் சமையல் வகுப்பு நடத்துகிறார்கள்.

இது அமெரிக்கப் படத்தை வைத்து நான் கட்டும் வாதம் இல்லை. சென்னையிலேயே நடந்தது. 1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி போஃபர்ஸ் பீரங்கி பேரத்தில் கைமாறிய பணம் பற்றிய செய்தியை ஒலிபரப்பியது. ஜெனீவாவிலிருந்து அதைத் துரத்தியவர் சித்ரா சுப்ரமணியம். சென்னையில் 'தி இந்து'வின் அலுவலகத்திலிருந்து அந்தப் புலனாய்வை நடத்தியவர் என். ராம். 1988-ல் ஆவணங்கள் தொகுதி தொகுதியாக வெளியாயின. இந்தியப் பத்திரிகை வரலாற்றில் ஆவணங்களை அப்படியே அச்சிட்டு நிரூபித்த வேலைகளில் முதலில் சொல்லவேண்டியது அது. 1989 அக்டோபரில் அடுத்த பகுதியை மேற்கொண்டு வெளியிட ஆசிரியர் ஜி. கஸ்தூரி மறுத்துவிட்டார். இருவரும் ஒரே குடும்பம், ஒரே கட்டடம். ராம் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். சித்ரா சுப்ரமணியம் தன் வேலையை 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' போன்ற வேறு பத்திரிகைகளில் தொடர்ந்தார். அவருக்கு ஆவணங்களைக் கொடுத்தவர் ஸ்வீடன் காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம் என்பது 2012-ல் அவரே வெளிப்படுத்திய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இருபது வருடங்களுக்கு மேல் ஒரு நிருபர் ஒரு பெயரை நெஞ்சில் வைத்துக் காத்திருக்கிறார்.

இந்தக் கதையில் கருதுகோள் சரி, ஆவணம் சரி, குழு சரி. கையேட்டின் அத்தனை கட்டங்களிலும் டிக் அடிக்கலாம். தடை வந்தது ஒரு படி மேலே இருந்து. அந்தப் படியில் இருப்பவரை எந்தப் பயிற்சிக்கும் யாரும் அழைப்பதில்லை.

அந்தப் படியில் வேறு மாதிரி ஒருவர் இருந்தால் என்ன நடக்கும்? அதற்கு உதாரணம் தேடி பாஸ்டன் போகவேண்டாம். கீரிப்பாறையிலிருந்து பூதப்பாண்டிப் பக்கமாக இறங்கினால் ஆரல்வாய்மொழி தூரமில்லை. 1949 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்யத்தின் பகுதி. திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற பாதை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் போகும். ராஜ்யத்தின் எல்லையும் அங்கேதான். 1910 செப்டம்பர் 26 அன்று 'சுதேசாபிமானி' பத்திரிகையின் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அதன் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைத் திருநெல்வேலிக்கு நாடு கடத்தினார்கள். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் அரண்மனையைச் சுற்றி நடந்த ஊழலையும் விடாமல் எழுதியதுதான் குற்றம்.

பாடப்புத்தகங்கள் ராமகிருஷ்ண பிள்ளையோடு நின்றுவிடும். எனக்கு முக்கியமானவர் அச்சகத்தின் சொந்தக்காரர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. 1905-ல் தன் பணத்தைப் போட்டுப் பத்திரிகை தொடங்கியவர். அடுத்த வருடம் ராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக வைத்தபோது என்ன எழுதலாம், எழுதக்கூடாது என்று எந்த நிபந்தனையும் போடவில்லை. அச்சகம் போனபிறகு, மகாராஜாவிடம் ஒரு மனுக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். ஆசிரியர் இல்லாமல் அச்சகத்தை வைத்து நான் என்ன செய்ய என்று அவர் கேட்டதாகக் கேரளத்தில் இன்றும் சொல்வார்கள். மனு கொடுக்கவில்லை. நட்டத்தை ஏற்றுக்கொண்டார். நாடு கடத்தப்பட்ட ராமகிருஷ்ண பிள்ளை 1912-ல் பத்திரிகைத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் ஒரு புத்தகத்தை மலையாளத்தில் எழுதினார். 1916-ல் கண்ணூரில், நாற்பது வயதாகும் முன்பே இறந்தார். நாடு கடத்தப்பட்ட ஒரு ஆசிரியர் பத்திரிகையாளர்களுக்குப் பாடநூல் எழுதுகிறார். நம் பக்கத்தில் ஆசிரியர் பயிற்சி என்பது தொடங்கிய இடம் அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதை இப்படியே முடித்தால் கதை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. அதே 1910-ல், தலித் பிள்ளைகளை மற்ற சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைப்பதை எதிர்த்து எழுதியவரும் இதே ராமகிருஷ்ண பிள்ளைதான். குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்று எழுதினார். அய்யங்காளி கல்விக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. மௌலவி கொடுத்த சுதந்திரத்தில் ஒரு குறை இருந்தது என்பதை இதை வைத்துப் புரிந்துகொள்கிறேன். ஆசிரியரை மிரட்ட யாரும் இல்லை. சரி. ஆனால் இந்த உவமையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள் என்று அவரிடம் சொல்லவும் அந்த அறையில் யாரும் இல்லை. மேலே இருப்பவர் தலையிடாமல் இருப்பது பாதி. தன் எழுத்தைத் தனக்குக் கீழே இருப்பவனும் கேள்வி கேட்கலாம் என்று ஆசிரியர் இடம் விடுவது மறுபாதி. ராபின்சன் நான்தான் என்று சொன்ன இடம் இதனால்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி தம்பியின் கதை.

மலையை உடைத்துக் கல்லும் எம்-சாண்டும் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போவது கன்னியாகுமரி மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தம்பி களியக்காவிளைச் சாலையில் மூன்று ராத்திரி நின்று லாரிகளை எண்ணினான். நடைச்சீட்டில் இருக்கிற எடையையும் எடைமேடைச் சீட்டில் இருக்கிற எடையையும் எப்படியோ தேடிப்பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். எழுதி அனுப்பினான். நான்கு நாள் கழித்து உள்பக்கத்தில் ஒற்றைப் பத்திச் செய்தியாக வந்தது: அதிக பாரம் ஏற்றும் லாரிகளால் பொதுமக்கள் அவதி. எடைகள் இல்லை, குவாரி இல்லை, சீட்டு இல்லை. பொதுமக்களும் அவதியும் மட்டும் மிஞ்சினார்கள்.

செய்தி அமுங்கினாலும் சேதி போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. "ரப்பர் தோட்டத்துக்குள்ள ராத்திரி பைக்ல போறவன் பாத்துப் போணும்லா" என்று ஒரு போன் வந்தது. ஆபீஸில் சொன்னான். ஜாக்கிரதையாக இரு என்றார்கள். அடுத்த வாரம் விளம்பரப் பிரிவிலிருந்து அழைப்பு. பொங்கல் மலருக்கு உன் ஏரியாவில் இருந்து எத்தனை விளம்பரம், அந்தக் குவாரிக்காரரிடம் பேசினாயா?

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாமல் போகலாம் என்பதால் சொல்கிறேன். தாலுகா அளவில் இருக்கும் பகுதி நேர நிருபர்கள் பலருக்குச் சம்பளம் என்று சொல்லும்படியாக ஒன்றும் கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் வரும் கமிஷன்தான் பெட்ரோலுக்கும் போனுக்கும் ஆகும். யாரைப் பற்றி எழுதவேண்டுமோ அவரிடமே பொங்கல் வாழ்த்து விளம்பரம் கேட்டு நிற்கவேண்டும். இந்த ஏற்பாட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு கருதுகோள், ஊக்கம், உளவியல் பாதுகாப்பு என்று பேசினால் என் தம்பிக்கு அது எந்த மொழியில் கேட்கும்?

அவன் பயம் வெறும் பயமும் இல்லை. சத்தீஸ்கரின் பஸ்தரில் ஒரு சாலை ஒப்பந்த ஊழல் பற்றிய செய்தியில் உழைத்த முகேஷ் சந்திராகரின் உடல் 2025 ஜனவரி 3 அன்று பிஜாப்பூரில் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் கிடைத்தது. அவரும் பெரிய நிறுவனத்தின் முழுநேர ஊழியர் இல்லை. தனியாக ஒரு யூடியூப் சேனல் நடத்தியவர். கொல்லப்படுகிற நிருபர்களின் வரிசையைப் பார்த்தால், தலைநகரங்களின் கண்ணாடிக் கட்டடங்களில் இருப்பவர்கள் குறைவு. அடையாள அட்டை கூட ஒழுங்காக இல்லாத மாவட்டத்து ஆட்கள்தான் அதிகம்.

உயிருக்கு ஆபத்து இல்லாத இடத்தில் கோர்ட்டு இருக்கிறது. அவதூறைக் குற்றவியல் சட்டத்துக்குள் வைத்திருப்பது செல்லும் என்று 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம், ஐந்தே ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகளைப் போட்டதற்காகத் தமிழ்நாட்டு அரசை அதே நீதிமன்றம் கண்டித்தது. வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பிறகு. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போவதே தண்டனை. யார் போவது? ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும். சட்டப்படி அச்சிட்டே ஆகவேண்டும். செய்திகளுக்குப் பொறுப்பு யார் என்று நாளைக்கு நீதிமன்றம் கேட்டால் கைகாட்டுவதற்கான பெயர் அது. ஆசிரியரின் தலைமைக்கு நம் நாட்டில் இருக்கும் மிகச் சுருக்கமான விளக்கம் அந்தப் பொடி எழுத்துதான். நாற்பது பக்கக் கையேட்டில் அது ஒரு வரியாகக்கூட வரவில்லை.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் பயிற்சியில் ஒரு மதியத்தையாவது முதலாளியும் விளம்பர மேலாளரும் வக்கீலும் ஆசிரியரும் ஒரே மேசையில் உட்காரும்படி வையுங்கள் என்கிறேன். கலர் சீட்டு வேண்டாம். ஒரு கற்பனைச் செய்தியைக் கொடுங்கள். பத்திரிகையின் பெரிய விளம்பரதாரர் சிக்குகிற செய்தி. வெளியிடுவதா இல்லையா, எவ்வளவு காத்திருப்பது, வழக்கு வந்தால் செலவு யாருடையது, நிருபருக்கு மிரட்டல் வந்தால் முதல் போனை யார் எடுப்பது என்று பேசி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகட்டும். எங்கள் தொழிலில் சர்வர் விழுவதற்கு முன்பே, விழுந்தால் யார் எழுந்து வருவது என்று எழுதி வைக்கிறோம். வெறும் சர்வர்.

அந்த முதலாளி வரமாட்டார் என்று நீங்கள் சொல்லலாம். வராமல் போகலாம். காலியாக இருக்கிற அந்த நாற்காலியை ஆசிரியர் பார்த்துவிட்டுப் போவதே ஒரு பயிற்சிதான். தான் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நிருபரிடமும் அதை நேராகச் சொல்லிவிடலாம். முடியாது என்று முன்பே சொல்கிற ஆசிரியரை மன்னிக்கலாம். போ, பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டு ஒற்றைப் பத்தியாக்குகிறவரை எப்படி மன்னிப்பது?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். சித்தப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாஞ் சரிண்ணே. நான் இப்ப என்ன செய்யணும்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. தொடர்ந்து செய் என்று பெங்களூரிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவது எனக்குச் சுலபம். ராத்திரி அந்த ரோட்டில் பைக்கில் வருவது அவன்.

கடைசியில் மூன்று கேள்விகளை எழுதினோம். மிரட்டல் வந்தால் போலீஸுக்குப் பத்திரிகையின் பெயரில் புகார் போகுமா? வழக்கு வந்தால் வக்கீல் யார்? நான் எழுதுகிற ஆளிடம் விளம்பரம் கேட்கச் சொல்ல மாட்டீர்களே? பயிற்சிக் கையேட்டைப் படித்தேன் சார், நன்றாக இருந்தது, எனக்குச் சில சந்தேகங்கள் என்று தொடங்கித் தெற்கு மூலையில் நின்று ஆசிரியருக்கு அனுப்பினான். கேட்டது தப்பில்லையே என்று சித்தப்பா இரண்டு முறை கேட்டார்.

இதை எழுதும் வரை நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை. எடைமேடைச் சீட்டுகளின் நகல்கள் ஒரு பென் டிரைவில் என்னிடம் இருக்கின்றன.